நாற்பது ஊதா ஜக்கெற்

இனாமாகக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். அதில் சம்பளம் இல்லை, லீவு இல்லை, சம்பளம் இல்லாத காரணத்தால் ராஜினாமாவும் இல்லை. நீங்களும் எங்கேயாவது ஒரு சங்கத்தில் செயலாளராக மாட்டுப்பட்டவரென்றால், இதற்கு மேல் படிக்காமலே தலையாட்டுவீர்கள்.

என்னைச் செயலாளராக்கியதற்கு ஒரே காரணம், நான் ரொறன்ரோவுக்கு இரண்டாந்தரம் வந்தவன் என்பது. எழுபதுகளில் படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, யாழ்ப்பாணத்தில் பல வருஷம் படிப்பித்து, பிறகு சண்டை துரத்த மறுபடியும் இங்கே வந்து சேர்ந்தேன். சின்ன வகுப்புகளைத் தமிழிலும் பெரிய வகுப்புகளை ஆங்கிலத்திலும் படித்தவன். ஆகவே மாஸ்ரருக்கு இந்த நாடு தெரியும், இந்தப் பாஷையும் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். நடந்த பிழைகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் புதிதாக வந்திறங்கிய அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. புத்தகப் பை, கொப்பி, பென்சில், எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிருடுப்பு. உண்மையில் ஓடித்திரிந்தவர்கள் மூன்று பேர். தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் பாக்கியம் அக்கா; மில்லிக்கனில் இருந்த அவருடைய வீட்டுப் பேஸ்மென்ற்தான் எங்கள் களஞ்சியம். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் குணம். சாமான் ஏற்ற அவரிடம் ஒரு பழைய வான் வண்டி இருந்தது. மூன்றாவது ஆள் நான். இவர்களைத் தவிர எங்களுக்கு ஒரு தலைவரும் இருந்தார். அவர் கூட்டங்களுக்கு வருவார்.

உயர்ந்த குதி

ஆரம்பத்தில் பழைய உடுப்புத்தான் சேர்த்தோம். பக்கத்து மார்க்கம் நகரில் புதுவீடு வாங்கியவர்களுக்கு அலுமாரி ஒதுக்கும்போதுதான் எங்கள் ஞாபகம் வரும். கறுத்தக் குப்பைப் பைகளில் கட்டி அனுப்புவார்கள். அவிழ்த்தால் கலியாணக் கூறைக்குத் தைத்த சட்டை வரும், இடது கால் பூட்ஸ் மட்டும் வரும், பித்தான் இல்லாத கோட்டும் சூட்டும் வரும். பாக்கியம் அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அதைப் போட்டவரின் முழு வரலாற்றையும் சொல்லிக்கொண்டு ஒதுக்குவார்.

ஒருநாள் ஒரு பெண் பளபளக்கும் காரில் வந்து தானே பையை இறக்கினார். அதில் ஆறு சோடிச் சப்பாத்து. எல்லாம் அரை முழ உயரத்துக்குக் குதி வைத்தவை. "பிள்ளை, நாங்கள் குடுக்கிறது எட்டு, பத்து வயசுப் பிள்ளையளுக்கு" என்றேன், முடிந்தவரை மரியாதையாக. அவர் கார்க் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்:

"பிள்ளையள் வளரத்தானே போகுதுகள் மாஸ்ரர், வைச்சிருந்து போடட்டும்."

போன பை திரும்பி வந்தது

நல்ல உடுப்புகளும் வந்தன என்பதைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். அப்படி வந்ததில் மிக நல்லதாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து, தோய்த்து, மடித்து, வந்து இரண்டு மாதமான ஒரு குடும்பத்துக்குக் கொண்டுபோனோம். தகப்பனுக்கு வேலை இல்லை, மூன்று பிள்ளைகள். எங்களை இருத்தித் தேத்தண்ணீரும் பிஸ்கற்றும் தந்தார்கள். அந்த மனிதர் பையை இரண்டு கையாலும் வாங்கினார். பாக்கியம் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு கிழமை கழித்து அதே பை எங்களிடம் திரும்பி வந்தது. அக்கா பச்சை நூலால் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அந்த மனிதரே இரண்டு பஸ் மாறிச் சுமந்துகொண்டு வந்திருந்தார். கோபத்தோடு வரவில்லை, எங்கள் சங்கத்துக்கு நன்கொடை கொடுக்க வந்திருந்தார். எங்கள் சனத்தை உங்களுக்குத் தெரியும். பெரியம்மாவின் மகள் போட்டுக் கழித்த சட்டையைப் பெருமையாகப் போடுவோம். முன்பின் தெரியாத ஒருவர் போட்டதை, அது பட்டாக இருந்தாலும், தோளில் ஏற்ற மாட்டோம். எனக்கு இது தெரியும், தெரிந்தும் மறந்துபோனேன். அவர் பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்களைவிட வசதி குறைஞ்ச ஆக்கள் இருப்பினம்தானே அண்ணை, அவைக்குக் குடுங்கோ."

ஏகமனதான தீர்மானம்

ஆகவே புதிசாகத்தான் வாங்குவது என்று கூட்டத்தில் முடிவானது. உடனே அடுத்த பிரச்சினை எழும்பியது. ஒரு பிள்ளைக்குச் சிவப்பு, இன்னொரு பிள்ளைக்கு நீலம் என்றால், ஏன் அவளுக்குத் தொப்பி வைத்தது, ஏன் என் மகனுக்கு வைக்காதது என்று அடுத்த நாள் காலையில் ரெலிபோன் அடிக்கும். ஒரு மணித்தியாலம் இதிலேயே இழுபட்டது.

அப்போதுதான் நான் எழும்பினேன். ஊரில் நாங்கள் எப்படிப் பள்ளிக்கூடம் போனோம் என்று கேட்டேன். டாக்குத்தரின் மகனும் வெள்ளைச் சட்டை, மரமேறுகிறவரின் மகனும் வெள்ளைச் சட்டை. காலைக் கூட்டத்தில் நின்றால் யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் வீட்டில் எரியவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரே உடுப்புத்தான் சமத்துவம் என்று முடித்தேன். கை தட்டினார்கள். எங்கள் சங்கத்தின் சரித்திரத்தில் ஒருவரும் எதிர்க்காத தீர்மானம் அது ஒன்றுதான்.

ஒரு மொத்த வியாபாரியிடம் ஒரே மாதிரி நாற்பது ஜக்கெற் இருந்தது. தடிப்பானது, தொப்பி வைத்தது, உள்ளே பஞ்சு. நிறம் ஊதா, முதுகில் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டி. குணம் வானில் ஏற்றிவந்து பேஸ்மென்ற்றில் குவித்தபோது அறையே நிறம் மாறியது. அவர் ஒன்றைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்ரர், இதுகளில ஒண்டு துலைஞ்சாலும் பிளேனில இருந்து பாத்துக் கண்டுபிடிக்கலாம்."

வரிசை

நாற்பது பிள்ளைகளும் அருகருகே இருந்த மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களில் வசித்தார்கள். அதனால் எல்லோரும் போனது ஒரே பள்ளிக்கூடம். அப்போது இது எங்களுக்கு வசதியாகப் பட்டது. ஒரே இடத்தில் கொடுத்து முடிக்கலாம்.

கட்டடத்தின் விருந்து மண்டபத்தில் விழா. தலைவர் பேசினார். குளிரைப் பற்றித் தொடங்கி, தமிழர் வாணிபத்துக்குப் போய், மறுபடி குளிருக்கு வர நாற்பது நிமிஷம் பிடித்தது. பிறகு பெயர் வரிசைப்படி கூப்பிட்டோம். பாக்கியம் அக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கையாலேயே சிப் இழுத்துவிட்டார். கடைசியில் எல்லோரையும் மூன்று வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தோம். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஊரில் காலைக் கூட்டம் பார்த்த மாதிரியே இருந்தது. சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாய், கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் ஒரே மாதிரி நிக்குதுகள், என்ர எது எண்டு எனக்கே தெரியேல்லை."

ஒரு ரெலிபோன்

மூன்று கிழமை போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பள்ளிக்கூடத்தின் உதவி அதிபர் எனக்கு எடுத்தார். தமிழ்ப் பெற்றோரோடு பேச வேண்டிவந்தால் என்னைக் கூப்பிடுவது வழக்கம். நல்ல மனுஷி. ஆறாம் வகுப்பில் மாதங்கி என்று ஒரு பிள்ளை, மைனஸ் இருபதில் வெறும் சுவெற்றரோடு நடந்து வருகிறாள் என்றார். ஒருமுறை கடிதம் அனுப்பியாயிற்று, ஒருமுறை பிள்ளையோடு பேசியாயிற்று. இப்படியே தொடர்ந்தால், பிள்ளையை வீட்டில் கவனிக்கவில்லை என்று, அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும் அலுவலகத்துக்குத் தான் அறிவித்தே ஆகவேண்டும். அது சட்டம், தன் விருப்பம் அல்ல என்றார். நான் கெஞ்சித் திங்கட்கிழமை வரை தவணை வாங்கினேன். அதுவரை இடைவேளைக்குப் பிள்ளையை வெளியே விடாமல் நூலகத்தில் இருத்தி வைப்பதாகச் சொன்னார். திங்கள் ஜக்கெற்றோடு வராவிட்டால் அறிவிப்பதைத் தவிர வழியில்லை.

என் வேலை பின்னேர ஷிப்ற். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, தாய் வேலையால் வரும் நேரம் பார்த்துப் போனேன். ராணி என்று பெயர். பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். புருஷன் இன்னும் கொழும்பில், விசாக் கடதாசி வரும்வரை காத்திருக்கிறார். தாயும் மகளும் மட்டும் ஒரு அறை வீட்டில். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்தது.

"என்ன மாஸ்ரர் சொல்லுறியள்? காலமை நான்தான் சிப் இழுத்து, தொப்பி போட்டு அனுப்புறன். லிப்ற் கதவு சாத்துமட்டும் நிண்டு பாக்கிறன்" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தாய் அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஊரில் எத்தனையோ சோதனைச்சாவடிகளைக் கடந்து, கொழும்பு அறைகளில் ஒளித்திருந்து, அந்த ஒரு பிள்ளையைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தவர். 

"பிள்ளையைக் கொண்டு போயிடுவினமோ, மாஸ்ரர்?"

உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால்

மாதங்கி என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். உடுப்புத் தோய்க்கும் அறையில் கடைசி உலர்த்தும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் எங்கள் ஊதா ஜக்கெற், ஒழுங்காக மடித்து, ஒரு பொலித்தீன் பையில் இருந்தது. காலையில் லிப்ற்றால் இறங்கியதும் இங்கே வந்து கழற்றி வைப்பாள். பின்னேரம் போட்டுக்கொண்டு மேலே போவாள். குளிரவில்லையா என்று கேட்டேன். "ஓடினால் பரவாயில்லை அங்கிள்" என்றாள்.

மெல்ல மெல்லத்தான் சொன்னாள். வகுப்புக்கு வெளியே ஜக்கெற் கொழுவும் கொக்கிகள் வரிசையாக இருக்கும். அங்கே எல்லா நிறமும் தொங்க, நடுவில் நடுவில் ஊதா. மற்றப் பிள்ளைகள் 'ஃப்ரீ ஜக்கெற்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதையாவது பொறுத்திருப்பாளாம். ஒருநாள் வழக்கமான ரீச்சருக்குப் பதிலாக வந்த ஒருவர், பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் காலைச் சாப்பாடு கொடுக்கிற பிள்ளைகளைத் தேடி வந்து, பெயர்ப் பட்டியலைக்கூடப் பார்க்காமல், ஊதா எல்லாம் இந்தப் பக்கம் வாங்கோ என்று கூப்பிட்டாராம். "ஐ ஹாட் பிரேக்ஃபஸ்ற், அங்கிள். அம்மா புட்டு அவிச்சுத் தந்தவ. நான் சாப்பிட்டுட்டுத்தான் போனனான்."

நான் என் வழக்கமான விரிவுரையைத் தொடங்கினேன். ஊரில் எல்லோரும் ஒரே வெள்ளை உடுப்புத்தானே போட்டோம், ஒருவரும் வெட்கப்படவில்லையே என்று. அவளும் எட்டு வயது வரை ஊரில் படித்தவள்தான். நான் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தாள்.

"ஊரில எல்லாரும் வெள்ளை, அங்கிள். இஞ்ச நாங்கள் மட்டும்தானே ஊதா."

இத்தனை வருஷம் நான் படிப்பித்ததில் ஒரு மாணவி எனக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னது கிடையாது.

இரண்டாவது கூட்டம்

அடுத்த நாள் காலையிலிருந்து மாதங்கியை நானே காரில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினேன். புதன் பின்னேரமும் லீவு சொல்லிவிட்டு அவசரக் கூட்டம் வைத்தேன். முழுப் பிழையும் என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். பாக்கியம் அக்கா அதை மறுக்கவில்லை. "அண்டைக்குக் கை தட்டின கையை இப்ப எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அவர் ஏற்கெனவே ஒரு ஜக்கெற்றில் மஞ்சள் பட்டியைப் பிரித்து, பித்தான் மாற்றி, பை தைத்துப் பார்த்திருந்தார். பட்டி இல்லாத ஊதாவும் ஊதாதான்.

அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு நிறத்தில் வாங்கிக் கொடுப்போம் என்றேன். குணம் சிரித்தார். "குடுங்கோ. மற்ற முப்பத்தொன்பது பிள்ளையளின்ர தாய்மாருக்கும் உங்கட நம்பர் தெரியும்." அதுவும் சரிதான். தவிர, ஒரு மாதங்கி கழற்றி ஒளித்து வைத்தாள் என்றால், போட்டுக்கொண்டே வெட்கப்படும் பிள்ளைகள் எத்தனை என்று யார் கண்டது?   அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த தலைவர், ஏதோ கண்டுபிடித்தவர் போல நிமிர்ந்தார்.

"வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கும் ஊதா வாங்கிக் குடுத்தால் என்ன?"

மிசிசாகாவில் ஒரு அம்மையார்

குணத்தோடு விமான நிலையத்தில் வேலை செய்யும் ஒருவர் போகிற தேவாலயம் மிசிசாகாவில் இருந்தது. அங்கேயும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குளிருடுப்புச் சேர்த்துக் கொடுக்கிறார்களாம். விதம்விதமான பழைய கோட்டுகள் அறை நிறைய இருக்கிறதாம். வியாழக்கிழமை காலை நான் ரெலிபோன் எடுத்தேன். பொறுப்பாக இருந்த வயதான அம்மையார் பேசினார். எங்களிடம் நாற்பது ஜக்கெற் இருக்கிறது, மூன்று கிழமை மட்டும் போட்டது, கிட்டத்தட்டப் புதிசு, அதைத் தருகிறோம், பதிலுக்கு உங்கள் பழைய கோட்டில் நாற்பது தாருங்கள் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஊதாவுக்கு மேல் போகக் கூடாது.

 நான் விளக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள், வெள்ளைச் சட்டை, சமத்துவம், உலர்த்தும் இயந்திரம், உதவி அதிபர், திங்கட்கிழமை. படித்த ஆங்கிலம் முழுவதும் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், வெள்ளிக்கிழமையே வானைக் கொண்டுவரச் சொன்னார். வைப்பதற்கு முன் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்:

"மன்னிக்க வேண்டும் சேர், இதில் யாருக்கு யார் உதவி செய்வது?"

மாற்றும் மேசை

கோட்டு கிடைத்துவிட்டது. ஆனால் அது பழைய கோட்டு. முன்பின் தெரியாதவர்கள் போட்டது. பச்சை நூல் முடிச்சோடு திரும்பி வந்த பையை நினைத்து எனக்கு வியர்த்தது. பாக்கியம் அக்காதான் வழி கண்டார். "குடுக்கிறம் எண்டு சொல்லாதேங்கோ, மாஸ்ரர். மாத்துறம் எண்டு சொல்லுங்கோ."

இந்த ஊரில் எந்தக் கடையிலும் வாங்கிய சாமானைக் கொண்டுபோய் மாற்றலாம் என்பது, வந்து ஒரு கிழமையில் எங்கள் சனம் படித்துக்கொள்ளும் முதல் பாடம். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அதே விருந்து மண்டபத்தில் கடை மாதிரி நீளமாக ஒரு மேசை போட்டோம். பேச்சு இல்லை, படம் இல்லை, பெயர் கூப்பிடுவதும் இல்லை. பின்னால் கம்பிகளில் கோட்டுகள். அக்காவும் அவருடைய தொழிற்சாலைச் சிநேகிதிகளும் தோய்த்து, அறுந்த பித்தான் தைத்துக் கொழுவியிருந்தார்கள். தாய்மார் வந்தார்கள். ஊதாவை மேசையில் வைத்தார்கள். சைஸ் கொஞ்சம் பிழை என்றார்கள். பிள்ளை தேடிப் பிடித்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். பழசு என்று ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. ஏன் என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்க, ஒரு தாய் போகிற போக்கில், ஒரு படி உயர்ந்து நிற்கிறவரின் குரலில் விளக்கினார்: "நாங்கள் புதுசைத் தந்து பழசை எடுக்கிறம், மாஸ்ரர். நட்டம் எங்களுக்குத்தான். பரவாயில்லை, சங்கத்துக்காகச் செய்யிறம்." அவர்கள் வாங்கவில்லை, எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

ராணியும் மகளும் கடைசியாக வந்தார்கள். தாய் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோட்டைத் தூக்கிக் காட்டினார். மாதங்கி கம்பியின் அந்தத் தொங்கலில், மங்கின நீலத்தில், அவளுக்கு ஒரு சுற்றுப் பெரிசான கோட்டு ஒன்றை எடுத்தாள். காலரில் வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயர் தைத்திருந்தது. "உது கிழடு பிடிச்ச கோட்டு" என்றார் தாய். மகள் அதைப் போட்டு, கையை நீட்டி, மடக்கி, கண்ணாடி இல்லாததால் ஜன்னலில் தன்னைப் பார்த்தாள். என் மனம் திங்கட்கிழமையில் நின்றது. "போடுவாய்தானே பிள்ளை?" என்று கேட்டேன்.

"பாப்பம், அங்கிள்."

திங்கட்கிழமை

அன்றைக்கு மைனஸ் இருபத்திரண்டு. நான் காரில் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவளாக நடந்து, அவளாகப் போட்டுக்கொண்டு போனால்தான் உதவி அதிபர் ஏற்றுக்கொள்வார். தாய் காலை எட்டேகாலுக்கே எனக்கு எடுத்துவிட்டார். "சிப் இழுத்துவிட்டனான், மாஸ்ரர். லிப்ற்றுக்க ஏறினவள். கீழ போய் என்ன செய்யப்போறாள் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும்." தனக்குப் பத்தேகாலுக்கு இடைவேளை, தொழிற்சாலை வாசலில் இருக்கும் போனால் எடுக்கிறேன் என்றார். நான் தேத்தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டு, கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். அந்த உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. போனால் அவளை நான் நம்பவில்லை என்றாகிவிடும். இல்லை, பயத்தில்தான் போகவில்லையோ தெரியாது.

சரியாகப் பத்து மணிக்கு ரெலிபோன் அடித்தது. பள்ளிக்கூடம். உதவி அதிபரின் குரல் கண்டிப்பாக இருந்தது. மாதங்கியைப் பற்றி ஒரு முறைப்பாடு என்றார். நான் கதிரையை இழுத்து இருந்தேன். காலையில் கோட்டோடு வந்தாள், சந்தோஷம், அந்த அலுவலகத்துக்கு அறிவிக்க இனி ஒன்றுமில்லை, எழுதி வைத்த கடதாசியைக் கிழித்தாயிற்று. ஆனால் வகுப்புக்குள் வந்த பிறகும் கழற்ற மாட்டேன் என்கிறாள். தொப்பியும் போட்டபடி இருந்து கணக்குச் செய்கிறாள். உள்ளே ஹீற்றர் போட்டிருக்கிறது, பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுகிறது, தயவுசெய்து தாயிடம் சொல்லுங்கள் என்றார். நான் அந்த முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டு மூன்று முறை நன்றி சொன்னேன். அவர் குழம்பிப்போய் வைத்தார்.

பத்தேகாலுக்கு ராணி எடுத்தார். பின்னால் தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சல். நடந்ததைச் சொன்னேன்.  போன் விழுங்கின காசு முடிந்து கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வேர்க்கட்டும் மாஸ்ரர், நல்லா வேர்க்கட்டும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடித்திரிந்து எங்கள் சங்கம் செய்த ஒரே உருப்படியான சேவை, தான் கொடுத்ததைத் தானே திருப்பி வாங்கிக்கொண்டதுதான்.